பெயர் கொடுத்தவர்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மூடுபனி வாரக்கணக்கில் விலகவே இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு எல்லாக் குளிர்காலமும் அப்படித்தான் நினைவில் தங்கும். அந்த வகுப்பில் நானும் சில நாள் உட்கார்ந்திருந்தேன். மற்றதெல்லாம் பின்னாளில் ஒடெட் சொன்னதும் யெங் சொன்னதும்தான். இருவர் சொன்னதும் முழுவதும் ஒத்துப்போகவில்லை. இடைவெளிகளை நான் என்னையறியாமல் நிரப்பியிருக்கலாம்.

ஒடெட்டுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. சீஸ் ஆலையில் விடியற்காலை வேலை. அவள் அப்பா மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு அண்ணன் மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டான். போகும்போது, "நீயும் வர்றியா?" என்று ஒரு தடவை கேட்டான். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு லாரி வாடகைக்குப் போய்விட்டது. பிறகு அவன் கேட்கவில்லை. அவளும் அதை எடுக்கவில்லை.

ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, மாலையில் சமுதாயக் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தாள். அங்கே இரண்டு ஆண்டுப் பாடங்களை முடித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் நேராகச் சேரலாம். மற்றப் பிள்ளைகள் இரண்டு ஆண்டில் முடிப்பதை அவள் ஐந்து ஆண்டாக இழுத்துக்கொண்டிருந்தாள். கணக்கு முடிந்தால்தான் இயற்பியல், ஒரு நிரல் பாடம் முடிந்தால்தான் அடுத்தது என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற பாடங்கள். ஒன்று தவறினால் ஓர் ஆண்டு போய்விடும். அவள் எதையும் தவறவிடவில்லை. கடற்கரையில் இருக்கிற பல்கலைக்கழகம் அவளுக்கு உத்தரவாதமே கொடுத்திருந்தது. ஜனவரியில் தொடங்குகிற வசந்தப் பருவத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தால் இடம் உறுதி. மிச்சமிருந்தது ஒரே ஒரு பாடம், இயந்திர மொழி.

பருவம் தொடங்க இருந்த சமயத்தில் ஆலோசகர் திருமதி ஓச்சோவா அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா. சேதி நல்லா இல்ல. மெஷின் வகுப்புக்கு ஆள் சேரல. பதினஞ்சு பேராவது இல்லாட்டி டீன் ரத்து பண்ணிடுவாரு. இப்ப மூணு பேர்தான் இருக்கீங்க. நீயும், அந்த ரெட்டைப் பசங்களும்."

"பக்கத்து ஊர் காலேஜ்ல எடுத்துக்கட்டுமா?"

"அங்க நடத்துறத கடற்கரைக்காரங்க ஏத்துக்கறதில்ல. நான் பாத்துட்டேன்."

"அடுத்த வருஷம்?"

"ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் வைக்கிறோம். அதுக்குள்ள உன் உத்தரவாதம் போயிடும். மறுபடியும் வரிசையில கடைசியா நிக்கணும்."

ஒடெட் சன்னலைப் பார்த்தாள். வெளியே வாகன நிறுத்தமே தெரியவில்லை. வெள்ளைச் சுவர் எழுப்பியது போலப் பனி நின்றது.

"ஆள் புடிச்சுப் பாரேன்," என்றார் ஓச்சோவா. "இத்தனை வருஷமா படிக்கிறே. தெரிஞ்ச பசங்க இருப்பாங்கல்ல?"

ஒடெட் தலையாட்டினாள். அவளுக்கு அந்தக் கல்லூரியில் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. வகுப்பில் கதவோரம் உட்காருவாள். முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறுவாள். விடியலில் எழ வேண்டியிருந்தது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று அவளே நம்பவில்லை.

கணினி அறை வாசலில் வெகுநேரம் நின்ற பிறகுதான் உள்ளே போனாள். முந்தைய பருவத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த யெங் அங்கே நண்பர்களோடு இருந்தான். மங் என்கிற ஆசிய மலையினத்துப் பையன், இருபது வயதிருக்கும். அவனுக்கு ஒரு தடவை சார்ஜர் கொடுத்திருக்கிறாள்.

"மெஷின் பாடம் எடுக்கிறியா?" என்று கேட்டாள்.

யெங் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு நண்பர்களைத் திரும்பிப் பார்த்தான். "டேய், அக்காவுக்குப் பேச வருதுடா." பிறகு அவளிடம், "போன டெர்ம் முழுக்க நீ மௌன விரதம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஆள் பத்தலன்னா ரத்தாயிடும். எனக்கு அது வேணும்."

"நான் இதை முடிச்சிட்டு இங்கயே உள்ளூர் ஸ்டேட் காலேஜுக்குப் போறவன். அங்க அதை யாரும் கேக்கவே மாட்டாங்க."

சரி என்று அவள் திரும்பிவிட்டாள்.

"நில்லுக்கா. படிக்கணும்னு யாரு சொன்னா? பேர் குடுத்தா போதும்ல?"

அந்தக் கல்லூரியில் எல்லோரும் அறிந்த வழக்கம் அது. அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. வகுப்பு உயிர் பிழைக்கட்டும் என்று பெயர் கொடுப்பார்கள். மூன்றாவது வார வெள்ளிக்கிழமை வரை வந்து உட்காருவார்கள். அதற்குள் விலகிவிட்டால் கட்டிய கட்டணம் திரும்ப வந்துவிடும், சான்றிதழில் சுவடும் இருக்காது. தொடங்கிய வகுப்பை அதற்குப் பிறகு யாரும் மூட மாட்டார்கள்.

"என் தங்கச்சி டான்ஸ் கிளாஸுக்கு நான் பேர் குடுத்தேன்," என்றான் யெங். "மூணு வாரம் ஆடினேன்."

"அதை ஆட்டம்னு சொல்லாதடா," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"ஆனா ஒண்ணுக்கா. நாங்கள்லாம் மறதிக் கேஸு. முந்தின நாள் நீதான் ஞாபகப்படுத்தணும். விட்டா டபிள்யூ விழுந்துடும்."

டபிள்யூ என்பது பாதியில் விலகியவன் என்று சான்றிதழில் ஏறுகிற எழுத்து. ஏறினால் இறங்காது.

"எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பறேன்," என்றாள் ஒடெட்.

வகுப்பு நிறைந்துவிட்டது. ஆசிரியர் காஸ்பாரியன் முதல் நாள் வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தார். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் ஒவ்வொருவர் பெயரையும் உச்சரிப்புக் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி ஒடெட் என்னிடம் அதிகம் சொல்லவில்லை. யெங் அவளுக்கு இருக்கை பிடித்து வைப்பான். தன் அம்மா கட்டிக்கொடுத்த ஒட்டரிசியையும் மிளகாய்ச் சட்டினியையும் இடைவேளையில் நீட்டுவான். அவள் ஆலையிலிருந்து அன்றைய சீஸ் கட்டிகளைக் கொண்டுவருவாள்.

"ரப்பர் மாதிரி கீச்சு கீச்சுங்குதே."

"கீச்சுன்னாதான் புதுசு."

"அப்ப என் ஷூவும் புதுசுதான்."

வகுப்பு முடிந்ததும் அவன் கார் முன்னால் போகும். பனியில் சாலைக் கோடுகூடத் தெரியாது. அவன் பின்விளக்கின் இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு அவள் ஓட்டுவாள். நெடுஞ்சாலைத் திருப்பத்தில் அவன் ஒரு தடவை விளக்கைச் சிமிட்டிவிட்டு வலப்பக்கம் போவான். அதுவரை அவள் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள், அதில் ஒரு குறையும் கண்டதில்லை.

மூன்றாவது வார வியாழக்கிழமை அறையில் கட்டிலில் உட்கார்ந்து செய்தி அனுப்பத் தொடங்கினாள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, நன்றி சொல்லி, தனித்தனியாக. யெங்குக்கு எழுதுவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். எழுதினாள். அனுப்பவில்லை. அவனுக்குத்தான் தேதி தெரியுமே என்று சொல்லிக்கொண்டாள். தெரியாமல்தானே ஞாபகப்படுத்தச் சொன்னான் என்றும் தோன்றியது. எழுதியதை அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் காஸ்பாரியன் இருந்தார். முதல் வரிசையில் இரட்டையர்கள், கதவோரம் ஒடெட். யெங் தாமதமாக வந்து அறையைப் பார்த்துவிட்டு நின்றான். பிறகு போனை எடுத்துப் பார்த்தான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காஸ்பாரியன் எல்லோரும் இருப்பது போலவே அதே குரலில் பாடம் நடத்தினார்.

வாகன நிறுத்தத்தில் யெங் தன் கார்க் கதவைத் திறக்காமல் நின்றான்.

"எனக்கு மட்டும் மெசேஜ் வரல."

"ஆமா."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் சிரித்திருப்பான். எங்கோ ஒரு ரயில் ஊதிக்கொண்டே போனது.

"இல்ல," என்றாள் ஒடெட்.

"அப்புறம் ஏன்?"

அவளுக்குப் பதில் தெரியும். அவன் காத்திருந்தான், அவள் நினைத்ததைவிட அதிக நேரம்.

"இருன்னு கேட்டிருக்கலாம்ல," என்றான் கடைசியில். "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை. கேட்டா நான் இருந்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது. ஆனா கேட்டிருக்கலாம்."

அன்றும் அவன் கார் முன்னால் போனது. திருப்பத்தில் விளக்கைச் சிமிட்டினானா என்பதில்தான் இருவர் சொன்னதும் வேறுபடுகிறது. சிமிட்டினேன் என்கிறான் யெங். இல்லை என்கிறாள் ஒடெட். அங்கிருந்து அவள் சன்னலை இறக்கிவிட்டு, ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் வண்டி வரும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

புதன்கிழமை யெங் வரவில்லை. டபிள்யூ விழுந்தது. அவள் அவனுக்கு ஒரு செய்தி எழுதினாள், இந்த முறை அனுப்பினாள். "மன்னிச்சுக்கோ" என்ற ஒரே சொல். அவன் அதற்குக் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினான்.

ஒடெட் அந்தப் பாடத்தில் தேறி, இலையுதிர்காலத்தில் கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். இப்போது அந்தக் கடற்கரை ஊரிலேயே மருத்துவக் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறாள், தனியாக இருக்கிறாள். அண்ணன் இன்னும் ஐடஹோவில்தான். யெங் ஸ்டேட் காலேஜில் படித்து முடித்தான். டபிள்யூவைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. இங்கே பள்ளிகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் என்னோடு இருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள். இரட்டையரில் ஒருவன் கடற்கரைக்குப் போனான், மற்றவன் படிப்பை விட்டுவிட்டான். ஓச்சோவா ஓய்வு பெற்றுவிட்டார். காஸ்பாரியன் இறந்துவிட்டார். அடுத்த முறை ஆள் சேராததால் அந்தப் பாடத்தைக் கல்லூரி எடுத்துவிட்டது. ஒடெட்டும் யெங்கும் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.