கோர்வைக்கு உட்கார்ந்தவன்

தினகரன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷத் திதிக்குக் காலையிலேயே படையல் போட்டாயிற்று. இலையில் அவனுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது, உயிரோடு இருந்தபோது கேட்டுக் கிடைக்காத இரண்டாவது வடை உட்பட. செத்தவர்களுக்கு இந்த வீட்டில் தாராளம்தான்.

அவன் மனைவி கலைவாணி அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் யாரிடமும் தலை நிமிர்ந்து பேசியதில்லை. புருஷன் கொரோனாவில் செத்ததற்கு அவள்தான் காரணம் என்று வீடே முடிவு கட்டியிருந்தது. ஊரடங்கில் ஐயம்பேட்டையில் தனியாகக் கிடந்த தன் அம்மாவுக்கு அரிசி கொடுத்துவிட்டு வரச்சொல்லி அவனை அனுப்பினாளாம். அங்கிருந்துதான் நோய் ஒட்டிக்கொண்டு வந்ததாம். அந்த அம்மாவுக்கோ ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அதை யார் கேட்கிறார்கள்? ஓரகத்தி பெரியநாயகி சொல்லிச் சொல்லி, கதை பிள்ளையார்பாளையம் நெசவுத் தெருக்கள் முழுக்கப் பரவியாயிற்று.

போன வாரம் அது போகக்கூடாத இடத்துக்கும் போய்விட்டது. எட்டு வயது மகள் குழலி, ஐயம்பேட்டை ஆயா போன் செய்தபோது பேசமாட்டேன் என்றாள்.

"ஆயாவாலதான் அப்பா செத்துட்டாரு. நீதான அங்க அனுப்பின?"

திதியன்று எல்லாரும் இருக்கும்போது கேட்டுவிடுவது என்று அப்போதே கலைவாணி தீர்மானித்தாள்.

சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தினகரனின் அண்ணன், பெரியநாயகியின் புருஷன் குமாரசாமி படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஐயம்பேட்டைக்குப் போவாம இருந்திருந்தா, இன்னிக்கும் என் பக்கத்துல கோர்வைக்கு உக்காந்துக்கினு இருப்பான்."

கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கோத்த நாடாவைத் தள்ள வேண்டும். தோளோடு தோள் இடிக்கும். ஒருவர் எழுந்துவிட்டால் தறி நின்றுவிடும்.

கலைவாணி கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். அவரு ஐயம்பேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில, பாவு நூலுக்குத் தடவற கஞ்சி ஊசிப்போயி நாறிக்கினு இருந்துது. நீங்க தனியா உக்காந்து அத்தயே தடவிக்கினு இருந்தீங்க. நான்தான் சட்டிய வாங்கிக்கினு போயி கொட்டினேன். உங்களுக்கு நாத்தம் தெரிஞ்சுதா?"

"இன்னா பேச்சு இது, திதியும் அதுவுமா?" என்று எழுந்தாள் பெரியநாயகி.

"நீ இரு," என்றார் குமாரசாமி. வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். "தெரியலம்மா. மூக்கு போயிருந்துது. உள்காச்சல் வேற. மாத்திரய போட்டுக்கினு உக்காந்துட்டேன். கல்யாணப் பொடவ, கொஞ்சம்தான் பாக்கி. நான் எழுந்தா தறி நிக்கும். சாதா சளின்னு நெனச்சேன்." அதற்கு மேல் முடியாமல் முகத்தில் அறைந்துகொண்டு அழுதார். "என் தம்பிய நானே பக்கத்துல உக்கார வச்சிக் கொன்னுட்டேன்."

அவர் அழுதது கலைவாணிக்கு இனித்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வருஷமாக அவள் அழுதபோது யாரும் வந்து கண்ணைத் துடைக்கவில்லை. மகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா குழலி? ஆயா இல்ல."

குழலி பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நாத்தம் தெரிஞ்சுது, இல்லியாம்மா?"

"தெரிஞ்சுது."

"வாசனை தெரியலன்னா கொரோனான்னு டிவில சொல்லிக்கினே இருந்தாங்க இல்ல?"

கலைவாணி மெல்லத் தலையாட்டினாள்.

"அப்புறம் அப்பா தறில போயி உக்காரும்போது, ஏம்மா வேணான்னு சொல்லல?"

குமாரசாமியின் அழுகை நின்றது. ஒரு வருஷமாக ஒவ்வொரு பேச்சுக்கும் மனதுக்குள் பதில் தயாராக வைத்திருந்தவள்தான். இந்தக் கேள்வியை மட்டும் அவளே அவளிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"பெரியவராச்சே கண்ணு... அவரப் போயி எப்படி..." என்று ஆரம்பித்தாள்.

குழலி எழுந்து போய்ப் பெரியநாயகி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.