கன்ட்ரோலரைக் குறை சொன்னால் பாத்திரம் கழுவ வேண்டும்

வீடியோ கேம் என்று பேச்செடுத்தால் போதும், பல்லக்காவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் தயாராக இருக்கும். கேசட்டை வாயால் ஊதிச் செருகுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. எச்சில் பட்டுத் தகடு கறுத்துப்போகும், பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க என்ன கேடு என்பாள். ஒயர் இல்லாத கன்ட்ரோலரை நம்ப மாட்டாள். கன்சோல் என்றால் கனம் வேண்டும், ஒயரை இழுத்தால் கூடவே ஓடி வருகிற பெட்டியெல்லாம் ஒரு பெட்டியா என்று கேட்பாள். அதைப் பளபளவென்று கறுப்பு பிளாஸ்டிக்கில் செய்தவன் பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட வீட்டில் தூசி துடைத்திருக்க மாட்டான் என்பது அவளுடைய தீர்மானமான முடிவு.

ஒருமுறை ஆசை ஆசையாகப் புது கேம் வாங்கி வந்து உறையைப் பிரித்தால், உள்ளே டிஸ்க்கைக் காணோம். ஒரு சீட்டில் ஏதோ நம்பர் மட்டும் இருந்தது. இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டுமாம். நேரே கடைக்குத் திரும்பிப் போனாள். "சாப்பாட்டுக் கேரியர்ல சாப்பாடு எங்க கிடைக்கும்னு சீட்டு எழுதி வெச்சு அனுப்புவீங்களா?" என்று அவள் கேட்டதைக் கடைக்காரர் இன்றுவரை மறந்திருக்க மாட்டார்.

பல் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, சின்னக் கத்தியால் மெழுகில் பல் செதுக்குவாள். அதனால் லேபிலும் தெருவிலும் அவள் பல்லக்கா. பள்ளிக்கூடம் போகிற வயதில் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தவள், ஐம்பதைத் தாண்டியும் கீழே வைக்கவில்லை. எந்தப் புது கேம் வந்தாலும் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "படம் அழகா இருக்குங்கறது கெடக்கட்டும். விரல்ல என்ன தெரியுது? அதச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வருவாள். வீட்டுக்காரரின் தங்கை, பஸ் ஓட்டுகிறவள். இரண்டு பேரும் சோபாவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து சண்டை கேம் ஆடுவார்கள். நாத்தனார் ஹாரன் அடிப்பது போலத்தான் பட்டனை அழுத்துவாள். எதிரே யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்கிற கவலையெல்லாம் கிடையாது. பல்லக்காவின் ஆட்டம் வேறு மாதிரி. அடி வரும்வரை பேசாமல் காத்திருப்பாள். மேலே படப்போகிற கடைசிக் கணத்தில் கட்டைவிரலை ஒரு தட்டு தட்டித் தடுத்து, அடுத்த தட்டில் திருப்பிக் கொடுப்பாள். அந்த ஒரு தடுப்பில்தான் அவளுடைய கெத்து முழுக்க இருந்தது.

வந்த புதிதில் நாத்தனார் தோற்ற போதெல்லாம் பழியை இரண்டாவது கன்ட்ரோலர் மேல் போட்டாள். பட்டன் ஒட்டுகிறது, ஒயர் குட்டையாக இருக்கிறது, உங்களோடது புதுசு அண்ணி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பல்லக்கா ஒருநாள் சட்டம் போட்டாள். எந்தப் பொருளையும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் ஆட ஆரம்பிப்பதற்கு முன்னால் திட்ட வேண்டும். தோற்றபிறகு குறை சொல்கிறவர் அன்றைக்கு விழுந்த பாத்திரம் அத்தனையும் கழுவ வேண்டும். நாத்தனார் கை ஊறுகிற அளவுக்குக் கழுவினாள். பிறகு வாயைக் கட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பழைய டிவி ஒரு நாள் புகைந்து கண்ணை மூடியது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மெஷின் விஷயத்தில் யார் சொல்லையும் கேட்க மாட்டார். பாதிச் சுவரை அடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு டிவியை வாங்கி மாட்டினார். செட்டிங்ஸுக்குள் புகுந்து, படத்தை அழகாக்கும் வித்தைகள் என்னென்ன இருந்தனவோ எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தார். "குடுத்திருக்கான்ல, அப்புறம் எதுக்கு சும்மா வெச்சிருக்கணும்?" என்றார். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பல்லக்காவும் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிய சர்டிஃபிகேட் என்று மனிதர் தலைகால் புரியாமல் திரிந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லக்கா தோற்றாள். ஒரு ஆட்டம் போனால் சரி என்று விடலாம், வரிசையாகத் தோற்றாள். தடுக்கப்போன அடியெல்லாம் முகத்தில் வாங்கினாள். நாத்தனார் எழுந்து நின்று ஆடிக் குதித்தாள். அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் பல்லக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இந்த டிவியில் ஏதோ இருக்கிறது என்று. ஆனால் சட்டம் போட்டவளே அதை மீறினால் நாளைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது? மென்று விழுங்கினாள்.

விழுங்கியது உள்ளே போய் வேறு மாதிரி முளைத்தது. டிவி மேல் குற்றம் இல்லையென்றால் வேறு எதன் மேல்? லேபில் மெழுகைக் கையில் எடுத்ததும் அவள் கண் பல்லை விட்டுவிட்டுத் தன் விரல்களையே பார்க்க ஆரம்பித்தது. நடுங்குகிறதா? நடுங்கவில்லை. இப்போது? ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிவிட்டுப் பிடிக்காமல் உருக்கினாள், மறுபடி செதுக்கினாள், மறுபடியும் உருக்கினாள்.

"என்னக்கா, அந்தப் பல்லு மேல ஏதாவது கோவமா?" என்று முதலாளி கேட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் சிரித்தார்கள். பல்லக்காவும் கூடச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மெழுகை மறுபடி கையில் எடுத்தாள். கேம் போனால் போகட்டும். இந்தக் கை போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? யாராவது உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் அவள் எப்போதும் நீட்டிக் காட்டியது இந்த இரண்டு கைகளைத்தான்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் உள்ளே நுழைந்தபோது, பல்லக்கா கன்சோலின் ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, எங்கயாவது ரிப்பேருக்கா?"

"நீ எடுத்துட்டுப் போ. கேசட்டெல்லாம் அந்தப் பையில இருக்கு. ஊதாத, சொல்லிட்டேன்."

நாத்தனாருக்கு முகம் தொங்கிப்போனது. "ஐயோ, எனக்கெதுக்கு? உங்ககிட்ட தோக்காம நான் யார்கிட்ட போய்த் தோக்கறது?" என்றாள். உணர்ச்சி வேகத்தில் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். பல்லக்கா ரப்பர் பேண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கை போயிடுச்சுங்க. நான் தட்டறேன்னு நெனைக்கறேன், ஆனா லேட்டாத்தான் தட்டறேன். லேப்லயும் பயமா இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

எந்நேரமும் அவளைக் கிண்டல் செய்கிற மனிதருக்கு அன்றைக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஒயரைப் பிரி," என்றார். "ஒரே ஒரு ஆட்டம் ஆடு. நான் பார்க்கணும்."

லிஃப்ட் கதவு எங்கேயாவது இழுத்துப் பிடித்தால் அவர் அதை ஃபோனில் ஸ்லோ மோஷனில் படம் எடுப்பார். சும்மா பார்த்தால் தெரியாத இழுப்பு அதில் தெரிந்துவிடும். அதே மாதிரி பல்லக்காவின் கை முன்னால், டிவி பின்னால், இரண்டும் தெரிகிற மாதிரி தரையில் படுத்துக்கொண்டு எடுத்தார். நடுக்கம் ஏதாவது தெரிந்தால் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போவது என்று முடிவு செய்துவிட்டார். பல்லக்கா வழக்கம்போலத் தோற்றாள். நாத்தனார் இந்தத் தடவை குதிக்கவில்லை.

மூன்று பேரும் ஃபோன் மேல் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். படத்தில் நாத்தனாரின் வீரன் கையை ஓங்கினான். பல்லக்காவின் கட்டைவிரல் உடனே இறங்கியது. ஆடவில்லை, தடுமாறவில்லை, சரியாகப் பட்டனின் நடுவில் போய் உட்கார்ந்தது. டிவியில் அவளுடைய வீராங்கனையோ எதுவும் தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தாள். விரல் வேலையை முடித்துப் பட்டனை விட்டு மேலே எழுந்தே விட்டது. அம்மணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் குத்து விழுந்தது. அதற்கப்புறம் சாவகாசமாகக் கையைத் தூக்கித் தடுத்தாள்.

வீட்டுக்காரர் மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் படத்தை அழித்திருந்தால் டிவியின் மானம் தப்பியிருக்கும். ஆனால் மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "பட்டன்ல கோளாறு இல்ல. அழுத்தின ஆள்கிட்டயும் கோளாறு இல்ல. லிஃப்ட்தான் லேட்டா வருது."

"எந்த லிஃப்ட்டுண்ணா?" என்றாள் நாத்தனார்.

"டிவிம்மா. ஒவ்வொரு படமா எடுத்து அலங்காரம் பண்ணித்தான் வெளிய விடுது. அந்த அலங்காரத்த ஏத்தி வெச்சது நான்தான்."

"அப்ப நான் மட்டும் எப்படி ஜெயிச்சேன்?"

"நீ என்னிக்கு டிவியப் பார்த்து ஆடினே?" என்றாள் பல்லக்கா.

சொல்லும்போதே அவளுக்குள் என்னவோ உடைத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள். "டிவிதான்! டிவிதான்! என் கையில ஒண்ணுமில்ல, எல்லாம் இந்தப் பாழாப்போன டிவிதான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை வாரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப் போனது. இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எந்த கேமில் ஜெயித்தபோதும் வந்ததில்லை.

வீட்டுக்காரர் செட்டிங்ஸுக்குள் போய் அலங்காரத்தையெல்லாம் களைந்து, கேம் மோட் என்பதைத் தேடிப் பிடித்துப் போட்டார். படம் கொஞ்சம் மங்கல்தான். பல்லக்கா கன்ட்ரோலரை எடுத்தாள். முதல் அடி வந்தது. தட்டினாள். தடுத்தது. விரலில் தெரிந்தது! அன்றைக்கு நாத்தனார் வாங்கிய அடியைச் சொல்லி மாளாது. கடைசியில் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, "என்னண்ணா இது, இப்ப டிவி ரொம்ப வேகமா இருக்கே?" என்று அண்ணனிடம் முறையிட்டாள்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். பல்லக்கா புருவத்தை உயர்த்தினாள்.

"சட்டம் சட்டம்தான்," என்றாள்.

"அப்படிங்களா? நீங்களும்தான் தோத்துட்டு டிவி டிவின்னு கத்தினீங்க. தெருவுல எல்லாரும் சாட்சி."

பல்லக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சட்டம் அவள் மேல் பாய்ந்திருந்தது, அதற்கே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். அவள் சோப்புப் போட்டாள், நாத்தனார் அலசினாள். மூல காரணமே அவர்தான் என்று தீர்ப்பாகி, வீட்டுக்காரர் கையில் துண்டோடு துடைக்க நிறுத்தப்பட்டார்.

நாத்தனாருக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு இரண்டுமே சும்மா இல்லை. கடைசி ஆட்டத்தில் தான் எப்படி ஜெயித்திருக்க வேண்டும் என்று ஈரக் கையை வீசி விளக்கிக்கொண்டே இருந்தவள், கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மறந்துவிட்டாள். அது நழுவியது.

பல்லக்காவின் கை போனது. எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. தரைக்கு ஒரு சாண் மேலே, சோப்பு நுரைக்கு நடுவில், டம்ளர் அவள் உள்ளங்கையில் இருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடடா, ஃபோனை ஹால்லயே வெச்சுட்டேனே!" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு?" என்றாள் பல்லக்கா. டம்ளரை இன்னொரு தடவை அலசி, அவர் துண்டின் மேல் வைத்தாள். "இதப் பார்க்கவும் ஸ்லோ மோஷன் வேணுமா உங்களுக்கு?"