பிளஸ் சி

...சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாளே தவிர வாய்க்குக் கொண்டுபோகிற வழியைக் காணோம், பரமத்தி வேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, தூக்குப்போசியை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கோழிக்குழம்பு, ஆறிப்போனால் இவளுக்குப் பிடிக்காது, போன வருடம்வரை பிடிக்காது, இப்போது எது பிடிக்கும் என்று பெற்ற சௌந்திரத்துக்கே தெரியவில்லை. ஹாஸ்டல் வேப்பமரங்களுக்கடியில் ஞாயிற்றுக்கிழமைப் பாய்கள், பாய்க்குப் பாய் ஒரு அம்மா, ஒரு பெண், ஒரு போசி... ஆனால் பேச்சைக் காணோமே, இத்தனை பெண்பிள்ளைகள் கூடிய இடத்தில் ஒரு சிரிப்புகூடவா இருக்காது?

கிருத்திகா ஒன்பதாவதுதான். கால்குலஸ் பிளஸ் ஒன்னில் வருகிற பாடமாம், இங்கே ஒன்பதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். காலேஜில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மெத்தனமாக இருந்த கொழுந்தனார் மகன் தர்ஷன் முதல் வருடமே கணக்கில் அரியர் வைத்துக்கொண்டு நிற்கிறான், அதைப் பார்த்துப் பயந்துதான் இவளைக் கொண்டுவந்து சேர்த்தது, சேர்த்தது தப்போ, போன வாரம் போனில் என்ன கேட்டாலும் பதில் மட்டும் வந்தது, அந்தக் குரலில் பிள்ளை இல்லை, இவள் அப்பா மருதாசலமே ஆடிப்போய், நேரில் கேள், வருகிறேன் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அனுப்பியிருக்கிறார், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்... இதென்ன, உதடு அசைகிறது? சோறு உள்ளே போகாமலேயே அசைகிறது. பக்கத்துப் பாயில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெண்ணுக்கும். அதற்கடுத்த பாயிலும். மாடி ஹாலில் அம்மா வராத பிள்ளைகள் இன்டெக்ரேஷன் சூத்திரம் ஒப்பிக்கிறார்கள், அங்கே மூச்சு விட்டால் இங்கே மரத்தடியிலும் மூச்சு விடுகிறார்கள், ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி முடிகிறது, பிளஸ் சி, பிளஸ் சி... கடைசியில் அதைப் போட மறந்தால் விடையே தப்பு, வெயிலில் நிற்க வேண்டும் என்று சேர்ந்த புதிதில் இவள்தான் சொன்னாள், அப்போது சிரித்துக்கொண்டு சொன்னாள்.

சௌந்திரம் போசியைத் தள்ளி வைத்தாள். மகளின் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊட்டுக்கு வாரியா சாமி?”

உதடு நின்றது. கண் அம்மாவைத் தாண்டி எங்கோ, கரும்பலகை இருக்க வேண்டிய இடத்தில் போய் நிலைத்தது. அங்கே வேலியும் வெயிலும்தான் இருந்தன.

“வாரேம்மா.”

அப்பாடா, வந்துவிட்டதே அந்த வார்த்தை, இவள் குரல்தான், இவளேதான், மாரியாத்தா நீ நல்லா இருப்பே, பெட்டி எங்கே, துணிமணி எங்கே...

“பிளஸ் சி.”

பிடித்த கை சில்லிட்டது. யாருடைய கை என்று பார்க்கவும் பயமாக இருந்தது.

“அதென்ன சாமி, சி?”

“தெரீலம்மா. போடாட்டித் தப்பாயிரும்.”

அப்படியானால் வாரேன் என்றது யார்? கேள்விக்குப் பயந்து விடை எழுதுகிறவளா? யாராக இருந்தால் என்ன, பெற்றது நான், கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் தூங்கவிட்டால் தெளிந்துவிடும், தெளியுமா... சௌந்திரம் போனை எடுத்து மருதாசலத்திடம், “கூட்டிட்டு வாரேனுங்க” என்றாள். சொல்லி முடித்துவிட்டாள், ஆனால் முடித்த மாதிரியே இல்லை, போனை வைக்கவிடாமல் நாக்கு இன்னும் எதற்கோ காத்திருந்தது, எதிரில் கிருத்திகா சோற்றை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.