பெற்றோல் இல்லாத வருடத்தின் கார்ப்படம்

நாட்டில் பெற்றோல் தீர்ந்துபோன வருடத்தில், கண்டக்குழிக்கும் கற்பிட்டிக்கும் நடுவே முனவ்வரா திரை கட்டி நடத்திவந்த கார்ப்படத்துக்கு வாகனங்கள் பெற்றோல் இல்லாமலே வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தது கில்பட்டின் கருவாட்டு லொறி. ஒரு வெள்ளிக்கிழமை, அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து திரையில் வெளிச்சம் விழுந்த நேரத்தில், முன்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த கில்பட்டோடு அது தன் வளவைவிட்டு உருண்டது. ஒழுங்கையைத் தாண்டி, ஆட்டுக்குட்டிகளுக்கு வழிவிட்டு, திரைக்கு முன்னால் தான் வழக்கமாக நிற்கும் ஓரத்தில் போய் நின்றது. படம் முடிந்ததும் அதேபோல வீட்டுக்குத் திரும்பியது. கில்பட் இறங்கி, எண்ணெய்த் தாங்கியைத் திறந்து ஈர்க்கு ஒன்றை விட்டுப் பார்த்தார். ஈர்க்கு காய்ந்தே வந்தது. அடுத்த கிழமை ஓட்டோக்கள், வேன்கள், வெங்காயத் தோட்டத்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் எல்லாம் வந்தன. மூன்றாம் கிழமையில் சனம் அதைப்பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டு, வாகனத்துக்குள் கொறிக்க எதை எடுத்துப்போவது என்று கதைக்கத் தொடங்கியிருந்தது.

கார்ப்படம் என்று பெயர் வைத்தது ஊர்தான். முனவ்வரா அதற்குப் பெயரே வைக்கவில்லை. குவைத்தில் பிள்ளை பார்க்கும் வேலையிலிருந்த காலத்தில், முதலாளி வீட்டார் ஊருக்கு வெளியே, வெட்டவெளியில் கட்டிய திரைக்கு முன்னால் காரை நிறுத்திவைத்துப் படம் பார்ப்பார்கள். பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் பார்ப்பாள். வீட்டுக்குள் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காத அந்தப் புருஷனும் மனைவியும் காருக்குள் மட்டும் ஒரே பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கதைத்துக்கொண்டார்கள். அதை அவள் பல வருடங்கள் பின்னாலிருந்து பார்த்தாள். ஊருக்குத் திரும்பியதும், உப்புப் பூத்து எதுவும் விளையாத ஒரு தரிசை வாங்கினாள். பாய்மரத் துணிகளை வாங்கி, தம்பி நௌஃபரோடு சேர்ந்து தைத்து, பனங்கம்பங்களில் கட்டினாள். படத்தின் சத்தம் அவரவர் வாகனத்து ரேடியோவில் கேட்கும்படி ஒரு சின்னக் கருவியும் வாங்கி வைத்தாள். நோய்க்காலத்து ஊரடங்கு முடிந்து, படமாளிகைகள் இன்னும் திறக்காத சமயம் அது.

காருக்குள் இருந்து படம் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள், ஒருமுறை வந்தபின் கேட்கவில்லை. நாலுபேர் மத்தியில் குந்தியிருக்க விரும்பாத பெண்கள் வேனின் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். அழுகிற குழந்தைகள் கண்ணாடிக்கு உள்ளேயே அழுதன. மேலெல்லாம் கருவாட்டு மணம் வீசுகிறது என்று படமாளிகையில் ஒருவரும் பக்கத்தில் இருக்காத கில்பட், தன் லொறியில் ராசாவைப்போல் தனியே இருந்து பார்த்தார். சின்ன வீட்டில் மாமியோடும் மச்சான்மாரோடும் ஒட்டிக்கொண்டு வாழ்ந்த புதுமணத் தம்பதிகளுக்குக் கதவுள்ள ஓர் அறை கிடைத்தது. அதற்குச் சில்லு இருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். பள்ளிவாசல் நிர்வாகத்தார் வந்து விசாரித்தார்கள். நோன்பு மாதத்தில் படம் இல்லை, மற்றக் காலங்களில் குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படம் மட்டும் என்று முனவ்வரா சொன்னாள். போகும்போது அவர்களில் ஒருவர், வேனை எந்தப் பக்கத்தால் உள்ளே விடுவது என்று கேட்டுவைத்துக்கொண்டார்.

பெற்றோல் இல்லாத வருடத்தில் இந்த வாகனங்களுக்கு ஒரு குணம் இருந்தது. அவை படத்துக்கு வரும், வீட்டுக்குத் திரும்பும், வேறெங்கும் அசையா. நௌஃபர் ஒரு வெள்ளிக்கிழமை தன் லொறி நிறைய வெங்காய மூட்டைகளை ஏற்றி, படம் தொடங்கியதும் ஸ்டியரிங்கைத் தம்புள்ளைச் சந்தைப் பக்கம் ஒடித்துப் பிடித்தான். லொறி அவனையும் வெங்காயத்தையும் கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் நிறுத்தியது. அவன் முழுப் படத்தையும் பார்க்கவேண்டியதாயிற்று. பிறகு யாரும் அவற்றை ஏமாற்ற முயலவில்லை.

அந்தக் கூட்டத்தில் தியாகராசாவின் மொறிஸ் மைனர் காரும் இருந்தது. போர்க்காலத்தில் வன்னியிலிருந்து மனைவி தவமலரோடு அந்தக் காரில்தான் அவர் வந்து சேர்ந்திருந்தார். வாகனம் திருத்துகிறவர். வந்த சில வருடங்களில் ஒருவரின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க எஞ்சினைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்; அன்றிலிருந்து அந்த இடத்தில் கோழிகள் முட்டையிட்டன. எஞ்சினே இல்லாத அந்தக் கார், கோழிகளை இறக்கிவிட்ட அன்று மாலையே மற்ற வாகனங்களோடு வரிசையாக வந்தது. தியாகராசாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியிருந்தன. கிழமைக்கு இருமுறை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். வாடகைக்குப் போன வேன் பெற்றோல் இல்லாமல் நின்றுவிட்டது. பஸ்ஸில் படியிலேயே இடமில்லை. கில்பட்டின் தோணியில் ஒருமுறை கொண்டுபோகப் பார்த்தார்கள். சோளகக் காற்று களப்புத் தண்ணீரை அவர்மேல் வாரி இறைத்தது, மூச்சு முட்டி, பாதி வழியில் திரும்பவேண்டியதாயிற்று. அம்புலன்ஸ் அன்றைக்கே சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் போதுமாக இருந்தது.

அவர் ஒரு முறை சிகிச்சைக்குப் போகாமல் விட்டிருந்த கிழமையில், படம் முடிந்து வாகனங்கள் திரும்புகிற நேரம் முனவ்வரா மொறிஸுக்குப் பக்கத்தில் போனாள். அவருடைய கால்கள் வீங்கிப் பளபளத்தன. சாய்ந்து படுக்க முடியாமல் நிமிர்ந்து இருந்தபடி மூச்சை எண்ணி எண்ணி எடுத்தார்.

"இனி இவருக்கு ஏலாது தங்கச்சி," என்றாள் தவமலர். "இன்னொருக்கா விட்டா தான் பொறுப்பில்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. புதன்கிழமை எப்பிடியாவது கொண்டுவரச் சொன்னவ. எப்பிடியெண்டு அவவுக்கும் தெரியேல்லை."

தியாகராசா சிரிக்கப் பார்த்தார். "படம் பாக்கக் கூப்பிட்டா இது ஓடி வருது. ஆஸ்பத்திரிக்கெண்டா அசையுதில்லை. மனிசரைப் போலதான்."

மொறிஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனபின்னும் முனவ்வரா அங்கேயே நின்றாள். பிறகு நௌஃபரைக் கூப்பிட்டு, திரையைக் கழற்றச் சொன்னாள். புதன்கிழமை படம் புத்தளத்தில், ஆஸ்பத்திரிச் சுவரில் ஓடும் என்றாள்.

"ராத்தா, வேணாம்," என்றான் அவன். "இந்த எடத்தால கழட்டினா அல்லா தந்த பரக்கத்துப் போயிடும். பொறகு அங்கயும் வராது, இங்கயும் வராது. ஒங்களுக்கு ஈக்கிறது இது ஒண்டுதானே."

"பரக்கத்துத் துணியிலயா ஈக்கி, மண்ணுலயா? சொல்லு பாப்பம்."

"அது எனக்கெப்படித் தெரியும்."

"எனக்கும் தெரியா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. குவைத்தில் கழிந்த இளமை முழுவதும் அந்த உப்புத் தரையில்தான் கிடந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தாள். டொக்டரம்மா அப்போதுதான் சைக்கிளில் வேலைக்கு வந்து இறங்கியிருந்தார். சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, நோயாளிகள் வராததால் இயந்திரங்கள் சும்மா கிடக்கின்றன என்றும், புதன் பின்னேரம் தானும் தாதிமாரும் நிற்பதாகவும், பின்பக்கச் சுவர் போன வருடம்தான் வெள்ளையடித்தது என்றும் சொன்னார்.

புதன்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு முனவ்வராவும் கில்பட்டும் சைக்கிளில் புறப்பட்டார்கள். படம் காட்டும் கருவி அவளுடைய கரியரில் சாரனால் சுற்றிக் கட்டியிருந்தது. திரைத்துணியும், ரேடியோவுக்குச் சத்தம் அனுப்பும் சின்னக் கருவியும், வெயிலில் சார்ஜ் ஏற்றிய பற்றரியும் கில்பட்டிடம் இருந்தன. அபாயாவின் ஓரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்காற்றில் மிதித்துப் போன அவளை நுரைச்சோலைச் சனம் வேலியோரத்தில் நின்று பார்த்தது. யாரோ தேநீர் கொடுத்தார்கள், யாரோ சில்லுக்குக் காற்றடித்துக் கொடுத்தார்கள். நடுப்பகல் லுஹருக்குப் பிறகு அவர்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் துணியைக் கட்டினார்கள். மஃரிப் தொழுதபின் அவள் பிஸ்மி சொல்லி விசையை அழுத்தினாள். படம் ஓடியது. முன்னாலிருந்த முற்றத்தில் ஒரு நாயும், கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற தாதிமாரும் தவிர வேறெதுவும் இல்லை. பெயர்கள் ஓடி முடிந்தன. கதாநாயகன் வந்தான். முற்றம் வெறுமையாகவே இருந்தது.

"தூரம் கூடத்தானே," என்றார் கில்பட் முனவ்வராவிடம். "வாறதுக்கு நேரமெடுக்கும்."

அவள் வீதிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்டக்குழியில், தியாகராசாவும் தவமலரும் பின்னேரத்திலிருந்தே காருக்குள் இருந்தார்கள். நௌஃபர் தனது லொறியை அவர்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். இன்றைக்குக் கார்ப்படம் இல்லை என்று தெரிந்தும் ஊர் முழுக்க அவரவர் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தது. ஏன் என்று கேட்டால் அவர்களால் சொல்லியிருக்க முடியாது. புத்தளத்தில் வெளிச்சம் விழுந்த அதே கணம் மொறிஸ் உருண்டது. ஒழுங்கையால் போய்ச் சந்தியை அடைந்தது. ஒரு பக்கம் கார்ப்பட வெளிக்குப் போகிற மண்பாதை, மறுபக்கம் புத்தளம் வீதி. அங்கே அது நின்றுவிட்டது. பின்னால் வந்த வாகனங்களும் நின்றன. தவமலர் கணவனின் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, முன்னேஸ்வரத்தானே என்று ஒருமுறை சொன்னாள். நௌஃபர் இறங்கி வந்து, காரின் முன்மூடியில் கையை வைத்து, ஒரு மாட்டிடம் கதைப்பதைப்போலக் கதைத்தான்.

"இந்தப் பக்கம் ஒண்டுமில்ல. வெறும் கம்புதான் நிக்கிது. ராத்தா அங்கால போயிட்டாங்க. நீயும் போ."

முன்சில்லுகள் மெல்லத் திரும்பின. மொறிஸ் புத்தளம் வீதியில் ஏறியது.

அன்றைக்கு அது ஓடிய ஓட்டம் எஞ்சின் இருந்த காலத்திலும் ஓடாத ஓட்டம் என்று தியாகராசா இன்றும் சொல்கிறார். கற்பிட்டித் தீபகற்பத்தில் சில்லு உள்ள எல்லாமே பின்னால் வந்தன. காவல் தடையில் நின்ற பொலிஸ் அதிகாரி டோர்ச் அடித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கில் கையில்லை, முன்மூடிக்குள் வைக்கோலும் ஒரு முட்டையும் இருந்தன. தவமலர் லைசன்சைக் காட்டினாள். பெற்றோலைப் பதுக்கிவைத்து ஓடுகிறவர்களைப் பிடிக்கத்தான் அவருக்கு உத்தரவு இருந்தது. பெற்றோலே இல்லாமல் ஓடுகிறவர்களைப்பற்றி உத்தரவு ஒன்றும் இல்லாததால் தடையைத் தூக்கிவிட்டார். பாலாவியில் எண்ணெய் நிலையத்தின் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடந்தது. நாட்கணக்காக நின்ற வாகனங்கள், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களோடு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையைவிட்டு வெளியே வந்து மொறிஸுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டன. சவர்க்காரக் கட்டிகள் ஏற்றிய லொறி, பாடசாலை வேன், சிலாபத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்ட கலியாணக் கார் என்று எல்லாம் வந்தன. கலியாணக் காரில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருந்தார்கள். பாலாவி எண்ணெய் நிலையத்து ஊழியர்கள் அந்த வருடத்தில் முதல்முறையாக வீட்டுக்கு நேரத்தோடு போனார்கள்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் முதலில் தலைநிமிர்ந்தது நாய். பிறகு ரேடியோச் சத்தம் கேட்டது. வீதியில் வருகிற அத்தனை வாகனங்களிலும், சுவரில் வாயசைத்துக்கொண்டிருந்த கதாநாயகனின் குரல் ஒலித்தது. மொறிஸ் முற்றத்துக்குள் திரும்பி, திரைக்கு நேர் முன்னால், சக்கரக் கட்டில் வைத்துக்கொண்டு தாதிமார் நின்ற இடத்தில் அளந்ததுபோல் நின்றது. முனவ்வரா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டாள். தவமலர் இறங்கி வந்து அவளுடைய தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இடைவேளை வரைக்கும் பாத்திட்டு வரட்டே," என்று தியாகராசா கேட்டார்.

"உள்ள எதிர்ப்பக்க யன்னலாலயும் தெரியும், ஐயா. வாங்க," என்றார் டொக்டரம்மா.

யன்னலால் நன்றாகத் தெரிந்தது. இயந்திரம் அவருடைய இரத்தத்தை எடுத்துத் துவைத்துத் திருப்பித் தந்துகொண்டிருந்தபோது அவர் படத்தை முடிவுவரை பார்த்தார். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார். விடியுமுன் வீக்கம் வற்றி அவருடைய கால்களில் எலும்பு தெரிந்தது.

பெற்றோல் திரும்பி வரும்வரை ஒவ்வொரு கிழமையும் இருமுறை அந்தச் சுவரில் படம் ஓடியது. முந்தலிலிருந்தும் வண்ணாத்திவில்லிலிருந்தும் மன்னார் வீதியிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்கள் வலிக்கு நடுவே கதை எதுவரை வந்தது என்று விசாரித்தார்கள். மற்ற நாட்களில் திரை உப்புத் தரைக்குத் திரும்பியது. வாகனங்கள் இரண்டு இடத்துக்கும் தவறாமல் வந்தன. பரக்கத்து எதில் இருக்கிறது என்ற கேள்வியை நௌஃபர் பிறகு எழுப்பவில்லை. ஆஸ்பத்திரியார் அந்தச் சுவரில் யன்னல் எதுவும் வைப்பதில்லை என்று தீர்மானித்தார்கள்.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் அதை ஊற்றித்தான் ஓடுகிறார்கள். கார்ப்படத்துக்கு மட்டும் யாரும் எஞ்சினைப் போட்டு வருவதில்லை. அது மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கத்து வீதியில் நிறைய வாகனங்கள் சத்தமில்லாமல் வருவதால் ஆடுகளை நேரத்தோடு கட்டச் சொல்கிறார்கள். கற்பிட்டியில் பழைய வாகனம் வாங்குகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், விளக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள், பிறகு இது படத்துக்குப் போகுமா என்று கேட்கிறார்கள். போகும் என்றால், எஞ்சினைப்பற்றி அவ்வளவாக விசாரிப்பதில்லை.