நாலு அடுக்கு

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவன் மாலையைப் போட்ட கையோடு நாற்காலியைத் தேடுகிறான். உட்கார்ந்ததும் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துவிடலாமா, இந்தியனாகிவிடலாமா என்று ஆரம்பித்துவிடுகிறான். நடுவில் ஒருதரம், பிரெஞ்சு மரியாதையோடு, முசே ஜானகிராமன் நல்ல மனுஷன் என்று ஒரு சொல். செத்தவன் முகத்தை ஒருத்தனும் பார்ப்பதில்லை. பக்கிரி ஒருவர்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலும் ஈரம் இல்லை.

வாய்க்கரிசித் தட்டை நீட்டினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல அவன் பதில் சொல்லட்டும். அப்பறம் போடறேன்."

கூடத்தில் நாற்காலிகள் திரும்பின. பங்காளி மகன் அரிகிருஷ்ணன் கிட்டே வந்து, "செத்தவரு எப்பிடி பெரிப்பா பதில் சொல்லுவாரு?" என்றான்.

"அவன் சொல்ல வாணாம். அட்டை சொல்லும்னு அவன்தான சொன்னான்."

ஜானகிராமன் அவர் தம்பி. மில்லில் தறி ஓட்டிப் படிக்க வைத்தவர் பக்கிரி. அவன் பாரிசில் கணக்கு இயந்திரங்கள் வைத்திருந்த ஓர் ஆபீசில் பத்து வருஷம் இருந்துவிட்டு, நுரையீரல் கெட்டு முதலியார்பேட்டைக்குத் திரும்பினான். அந்த இயந்திரத்தைச் சதுரங்கம் ஆட வைக்க வேண்டும் என்பது அவன் பைத்தியம். இயந்திரம் பாரிசில், அதற்கான விதிகள் மட்டும் இங்கே, அட்டைகளில். ஆட முப்பது வழி இருந்தாலும் மூன்றைத்தான் பொறுக்க வேண்டும். மற்றதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த மூன்றுக்கும் எதிராளியின் பதில் மும்மூன்று, அதற்கு மூன்று, அதற்கும் மூன்று. நாலு அடுக்கு. கடைசியில் வருகிற எண்பத்தொன்றுக்கும் மதிப்புப் போட்டு, நல்லதை ஆட வேண்டும். கணக்கைப் போடுகிறவள் அவன் மனைவி அமிர்தவல்லி. ஒரு காயை நகர்த்த ஒரு பகல் போய்விடும். எத்தனை பொறுக்குவது, எத்தனை அடுக்கு இறங்குவது என்று மாற்றி மாற்றிப் பார்க்க ஜானகிராமனுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அண்ணனை உட்கார வைத்தான்.

ஆறு ஆட்டம் தோற்றார் பக்கிரி. அது வலிக்கவில்லை. பாரிசுக்குப் போகவிருந்த கடிதத்தை அரிகிருஷ்ணன் படித்துச் சொன்னபோதுதான் வலித்தது. 'சோதித்துப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார். படிக்காதவர். மூக்குக்கு முன்னால் இருப்பதைத் தாண்டிப் பார்க்க மாட்டார்.' அண்ணன் என்றுகூட எழுதவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாவது ஆட்டத்தில், நேற்றுச் சாயங்காலம், குதிரையைக் கொண்டுபோய்ச் சிப்பாயின் வாயில் வைத்தார். சும்மா கிடைக்கிறதே என்று அது வெட்டினால் இவர் யானை இறங்கும். அதன் ராஜா ஒதுங்கும். இவர் ராணி போய் முடித்துவிடும். பதில் வருவதற்குள், இன்று விடியற்காலையில் தம்பி போய்விட்டான்.

தங்கை கமலவேணி தவளக்குப்பத்திலிருந்து வந்தாக வேண்டும். அவள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை பாடை நகராது.

அமிர்தவல்லி தலைமாட்டிலிருந்து எழுந்தாள். பெண்கள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். விடுவித்துக்கொண்டு உள்ளே போய்ப் பலகையையும் அட்டைகளையும் எடுத்துவந்து தரையில் வைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தாள். பக்கிரி மத்தியானம்வரை காத்திருக்கத் தயாராக நின்றார். சங்கு ஊதுகிறவன் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"சிப்பாய் குதிரைய வெட்டுது மாமா."

யானையை இறக்கினார். அவள் மறுபடி பென்சிலை எடுத்தாள். ராஜா ஒதுங்கியது. ராணியை வைத்தார். அதற்கு மேல் ராஜாவுக்குப் போக இடம் இல்லை.

பக்கிரி பிணத்தின் பக்கம் திரும்பிக் குனிந்தார். "பாத்தியாடா. மூக்குக்கு முன்னால."

நிமிர்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. "ஒரு பகல் ஆவுமே. எப்பிடி இவ்ளோ சீக்கிரம் போட்ட?"

அவள் ஓர் அட்டையை நீட்டினாள். நாலு என்ற எண் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் கோணலாக இரண்டு என்று இருந்தது.

"ரெண்டு அடுக்குதான் மாமா. ஒம்போதுதான் வருது. நேத்து சாயங்காலம் மாத்துனாரு."

"என் குதிரையப் பாத்த பெறகா?"

"பாத்துட்டு என் கையிலேருந்து பென்சில வாங்குனாரு. அப்பறம், ஒனக்குக் கை வலிக்கும், ரெண்டு போதும்னாரு."

"நாலு போட்டிருந்தா?"

அவள் பலகையைப் பார்க்கவில்லை. "போட்டுப் பாக்கல மாமா."

தெருமுனையில் கமலவேணியின் அழுகுரல் கேட்டது. பக்கிரி அரிசியை அள்ளித் தம்பியின் வாயில் மூன்று தரம் போட்டார். மூன்றாவது பாதி கன்னத்தில் சிந்தியது. அதை அவர் துடைத்துவிடவில்லை.

"சித்தப்பா கடசீல ஒங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாரு பெரிப்பா" என்றான் அரிகிருஷ்ணன்.

"அவனா? பொறந்ததுலேருந்து ஒரு கோலிகூட விட்டுக் குடுத்தது கெடயாது."

பாடை மேற்கே திரும்பியது. பக்கிரி அதன் பின்னால் போகாமல் மில் பக்கமாக நடந்தார். சங்குச் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே போனது. நடந்தபடியே வலது கை விரலை மடக்கினார். அது வெட்டுகிறது, ஒன்று. யானை இறங்குகிறது, இரண்டு. ராஜா ஒதுங்குகிறது, மூன்று. ராணிக்கு உரிய நாலாவது விரலை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு போனார்.