கௌசியா வைத்த ராசி நம்பர்

சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸில் காலை பதினொரு மணிக்குப் பதினாறு லாரி முதலாளிகள் கூடியிருந்தார்கள். எல்லார் கையிலும் டீ. எல்லார் கண்ணும் சுவரில் புரொஜெக்டர் விழுந்த இடத்தில். அங்கேதான் கௌசியாவின் மானம் போய்க்கொண்டிருந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒற்றை அறை பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கியவள் அவள். எங்கே லோடு இருக்கிறது, எந்த லாரி சும்மா நிற்கிறது என்று போனிலேயே காட்டும் செயலிதான் அவளுடைய முதல் ஆர்டர். இன்றைக்கு ஓட்டிக் காட்டாவிட்டால் அது போட்டிக்கு நிற்கும் கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போய்விடும். அவளும் வேலை தேடிப் பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலை என்னவோ சின்னதுதான். புரோகிராமையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, கன்டெய்னர் இமேஜாக்கி, யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இணையத்தில் பொதுவில் வைத்திருந்தாள். கிளவுட் என்ற வாடகைக் கம்ப்யூட்டருக்கு அதன் முகவரியைக் கொடுத்தால் அதுவே எடுத்து ஓட்டிக்கொள்ளும். முதலாளிகள் கண்ணெதிரேயே ஏற்றிக் காட்டுகிறேன் என்று ஜம்பம் அடித்ததும் அவளேதான். மூன்று முறை கொடுத்தாகிவிட்டது. மூன்று முறையும் இமேஜ் இறங்கியது, ஓடத் தொடங்கியது, ஒரு நிமிஷத்தில் நின்றுபோனது.

"ஏஞ்சாமி, வண்டி ஸ்டார்ட் ஆவமாட்டேங்குதா?" என்றார் சங்கத் தலைவர் அர்த்தநாரி.

"ஒரு நிமிஷம்ண்ணா."

பிழைச் செய்தியை இந்த முறை அவசரப்படாமல் படித்தாள். கிளவுட் 8080 என்ற எண்ணுள்ள வாசலில், அதாவது போர்ட்டில், தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறது. உள்ளேயிருந்து பதிலே இல்லை. அப்போதுதான் உறைத்தது. புரோகிராம் காத்திருந்த வாசல் எண் 786. ஸ்கூட்டி, போன் எல்லாம் 786-இல் முடியும் வீட்டில் பிறந்தவள், முதல் தொழிலுக்கு வேறு எந்த எண்ணை வைப்பாள்? லேப்டாப்பில் ஜம்மென்று ஓடியதால் யோசிக்கவேயில்லை.

நெட் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஆர்டரையே பொய்யில் தொடங்க மனசு வரவில்லை. எழுந்து நின்று உள்ளதைச் சொன்னாள். வெட்கத்தில் காது சுட்டது.

பின்வரிசையில் இருந்த சின்னுசாமி கடகடவென்று சிரித்தார்.

"அட, நம்ம ஆளுங்க இது! நம்பரைக் கூட்டுனா ஒம்போது வரோணும்னு ஏழு வண்டிக்கும் ஆர்டிஓ ஆபீஸ்ல தவங்கெடந்தவனுங்க நானு!"

அறையே சிரித்தது. பதினாறு பேரிடமும் ஆளுக்கொரு நம்பர் கதை இருந்தது.

"அங்கயும் 786-ஐயே வெச்சுரு சாமி. நல்ல நம்பர்தான?" என்றார் அர்த்தநாரி.

"அவ்வளவு சின்ன நம்பரை அங்க ஏத்துக்க மாட்டாங்கண்ணா. வழக்கமா 8080 வைப்போம். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாப் போதும்."

அர்த்தநாரி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "ஏழுல்ல வருது? நமக்கு ஆவாது. 8082 போடு சாமி, ஒம்போது வருது."

கௌசியா இரண்டு பக்கமும் 8082 என்று அடித்து, இமேஜை மறுபடி கட்டி ஓடவிட்டாள். ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது. அது நிற்கவில்லை. பதினாறு போன்களிலும் லோடு பட்டியல் வந்து விழுந்தது.

"ஓடுதுண்ணா!" என்றாள்.

"ஓடாம எங்க போவும், நம்பர் போட்டது ஆரு?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் அர்த்தநாரி. "கோயம்புத்தூர்க்காரனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?" என்றபடியே ஒப்பந்தத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.