உதட்டில் வந்த பேர்

"தாடையத் தூக்கிக் கட்டுடி, வெறச்சிடப் போவுது," என்றாள் அஞ்சலாட்சி அத்தை. அப்பாவின் மோவாய்க்கு அடியில் வேட்டிக் கிழிசலைக் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் வேம்பு.

"கடைசியா என்னாடி சொன்னாரு எங்கண்ணன்?"

வேம்பு முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். "அம்மாவத்தான் கூப்புட்டாரு."

கஞ்சித் தம்ளரோடு கதவோரம் நின்றிருந்த அம்மா தனக்கொடி தம்ளரைக் கீழே வைத்தாள்.

அப்பா காத்தவராயன், மில்லில் தறி ஓட்டியவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. தறிகளுக்கு நடுவே நிற்பவர்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வேம்பு பேசப் பழகியதே சத்தமில்லாமல்தான். தெருமுனையில் யார் யாரைப் பற்றிப் புறணி பேசினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனாலேயே சிநேகிதி என்று ஒருத்தியும் அவளிடம் தங்கியதில்லை.

தம்பி வடிவேலுக்கு மட்டும் அந்த உதட்டுப் பேச்சு வரவே இல்லை. அவன் கத்துவான். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் திறந்த வாய்தான். மில் வேலை வேண்டாமென்று ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்துக் கம்பெனிக்குப் போன அன்று கத்தியதோடு சரி. சாரம் பகுதியில் தனிக்குடித்தனம் போனவன், பக்கத்தில் இருந்தும் வாசல் மிதிக்கவில்லை.

படுக்கையில் விழுந்தவருக்குப் பீத்துணி அலசியது வேம்பு. ஆனால் காலையில் குரல் அடங்கிய பிறகு அந்த உதடு சொன்னது அவள் பேரை இல்லை. "வடிவேலு, வடிவேலு" என்றது. அவளுக்கு வயிறெரிந்தது. இதை அவனுக்குக் கொடுக்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மத்தியானம் வடிவேல் வந்தான். பந்தலுக்குள் வராமல் சைக்கிளைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றான். சாவு மேளம் தொடங்கியிருந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா வேம்புவையே பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"நானும் பாத்தேன்டி."

வேம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டில் அது காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோதும் அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கிட்ட சொல்லிடு. பாவம், அவனுக்கு இது வராதில்ல."

வேம்பு எழுந்து தெருவுக்குப் போனாள். தம்பியின் தோளைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்.

"என்னாக்கா? கேக்கல!"

"அப்பா ஒன் பேரத்தான்டா சொன்னாரு! கடைசியா ஒன் பேரத்தான் சொன்னாரு!"

அவ்வளவு சத்தம் அவள் போட்டதே இல்லை. வடிவேல் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அப்பாவின் காலில் விழுந்தான்.

வேம்பு தலைமாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். கட்டு நெகிழ்ந்து, உதடு லேசாகப் பிரிந்திருந்தது. இறுக்கக் கையைக் கொண்டுபோனவள், இறுக்காமல் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.